கிடங்குக் கதவைத் திறக்க வைப்பது எப்படி: ரோல்பிளேயிங் ஆட்டத்தில் பேச்சும் பகடையும்

ரோல்பிளேயிங் ஆட்டத்தில், அதாவது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் கதையாட்டத்தில், மதில் ஏறுவதற்கு யாரும் நாற்காலியை விட்டு எழுவதில்லை. "ஏறுகிறேன்" என்று சொல்கிறோம், 20 முகப் பகடையை உருட்டுகிறோம், கதாபாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டுகிறோம். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் வைத்திருக்கும் இலக்கு எண்ணை எட்டினால் மதில்மேல் நிற்கிறோம். பேச்சு என்று வந்தால் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. மதில் ஏறுவதைப் போலன்றி, பேச்சை மேசையிலேயே நிஜமாகச் செய்துகாட்ட முடியும். கேட்பவர் கண்கலங்கும்படி ஒருவர் பேசி முடித்தபின் பகடையில் 3 விழுந்தால் என்ன செய்வது? "நயமாகப் பேசிப் பார்க்கிறேன்" என்று ஒரே வரியில் சொன்ன இன்னொருவருக்கு 19 விழுந்தால்? எது செல்லும்?

இதற்கு ஆட்டக்காரர்கள் கையாளும் வழிகள் ஐந்தாறு உண்டு. கேம் மாஸ்டராக அமரப்போகிறவர் அவற்றில் ஒன்றை முதல் நாளே தேர்ந்துகொண்டு குழுவிடம் சொல்லிவிடுவது நல்லது. நடு ஆட்டத்தில் முடிவெடுத்தால், அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருப்பவருக்கு அது சலுகையாகத் தெரியும், அல்லது வஞ்சனையாகத் தெரியும். ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரே காட்சியை எல்லா வழிகளிலும் ஓட்டிப் பார்க்கிறேன்.

முற்றுகையில் சிக்கிய ஒரு கோட்டை. மதிலுக்கும் பகைவர் பாசறைக்கும் நடுவே, உள்ளே விடப்படாத குடியானவர்கள் பசியோடு கிடக்கிறார்கள். அவர்களுக்காக நம் குழுவுக்கு மூன்று மூட்டை தானியம் வேண்டும். கிடங்குப் பொறுப்பாளர் வயதில் மூத்த ஒரு பெண்மணி. தளபதியின் முத்திரை இல்லாமல் ஒரு படி தானியம்கூட வெளியே போகக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. கணக்கில் குறைந்தால் தண்டனை அவருக்குத்தான். அவருடைய தம்பி குடும்பமும் மதிலுக்கு வெளியேதான் இருக்கிறது. குழுவுக்கு அது இன்னும் தெரியாது.

முதல் வழி, பகடையே இல்லாமல் பேசியே தீர்ப்பது. இதுதான் மூத்த வழி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் 'சம்மதிக்க வைத்தல்' என்று தனித் திறன் கிடையாது. கரிஸ்மா என்ற கவர்ச்சி எண் இருந்தது. எத்தனை கூலிப்படையினரைச் சேர்க்கலாம், அவர்கள் எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்பதற்கே அது பெரிதும் பயன்பட்டது. எதிர்ப்படுபவரின் முதல் மனநிலையை அறிய இரண்டு 6 முகப் பகடைகளை உருட்டும் வழக்கமும் இருந்தது. 1981இல் வந்த அடிப்படைப் பதிப்பின் அட்டவணையில் 2 விழுந்தால் உடனே தாக்குதல், 12 விழுந்தால் உற்சாகமான நட்பு, இடையில் உள்ள எண்களுக்குப் பல படிகள். பகடை சொல்வது தொடக்க மனநிலையை மட்டும்தான். அதற்குப் பிறகு வாய்தான் பேச வேண்டும்.

இந்த வழியின் அழகு எனக்குப் பிடிக்கும். ஆட்டக்காரர் நிஜமாகவே யோசிக்கிறார். பொறுப்பாளரின் கண் ஏன் அடிக்கடி மதில் பக்கம் போகிறது என்று கவனித்துக் கேட்கிறார், தம்பியைப் பற்றி அறிந்துகொள்கிறார். எந்த எண்ணும் குறுக்கே வருவதில்லை. ஆனால் இங்கே கதாபாத்திரம் காணாமல் போய்விடுகிறது. நாவன்மைக்காகவே எண்களைச் செலவழித்துப் பாணனை உருவாக்கிய கூச்ச சுபாவக்காரர் வாயடைத்து உட்கார்ந்திருப்பார். கவர்ச்சியில் கடைசி எண்ணை வைத்துவிட்டு எல்லாவற்றையும் வாளுக்குக் கொடுத்தவர், இயல்பிலேயே பேச்சாளர் என்பதால் மன்னரையே மடக்கிவிடுவார். நம் குழுக்களில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. விதிப்புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் பல மேசைகளில் வசனமும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. ஆங்கிலம் சரளமாக வருபவரின் கதாபாத்திரமே ஊர்த் தூதராகிவிடுகிறது. இது ஆட்டத் திறமையும் இல்லை, கதாபாத்திரத் திறமையும் இல்லை. பகடையில்லா வழியைத் தேர்பவர்கள் தமிழில் தாராளமாகப் பேச இடம் கொடுத்தே ஆக வேண்டும். அப்படியும், தீர்ப்பு கேம் மாஸ்டரின் ரசனையைப் பொறுத்தே இருக்கும். பொறுப்பாளரைச் சம்மதிக்க வைக்க வேண்டிய முயற்சி, கேம் மாஸ்டரைச் சம்மதிக்க வைக்கும் முயற்சியாக மாறிவிடும்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது பகடை மட்டும் போதும் என்ற வழி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு டிப்ளமசி (நயமாகப் பேசுவது), பிளஃப் (ஏய்ப்பது), இன்டிமிடேட் (மிரட்டுவது) என்று பேச்சைத் திறன்களாகப் பிரித்து எண் கொடுத்தது. கூச்சக்காரருக்கு இது பெரிய விடுதலை. வாள்வீரனாக ஆடுபவருக்கு வாள் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை என்றால், பேச்சாளனாக ஆடுபவருக்கும் பேசத் தெரிய வேண்டியதில்லை. இந்த நியாயத்தை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

கோளாறு விதியை எழுதிய விதத்தில் இருந்தது. 2003இல் வந்த 3.5 பதிப்பில், பகைமையோடு இருப்பவரை நட்பாக மாற்ற இலக்கு 35, எதையும் செய்யும் அளவுக்கு உதவிகரமாக்க 50. எதிரில் இருப்பவர் கிடங்குக் காவலரா பேரரசரா என்பதற்கு இலக்கில் வித்தியாசமே கிடையாது. பேச்சுத் திறனை மட்டும் குறிவைத்து வளர்த்த கதாபாத்திரத்துக்கு அந்த எண்கள் எட்டாத உயரமும் இல்லை. ஒரு நிமிடப் பேச்சில் பகைவன் தோழனாகிவிடுவான். 2019இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இதைச் சீர்செய்தது: இலக்கு எண் எதிரில் இருப்பவரின் மனவுறுதியிலிருந்து வருகிறது. நல்ல அபிப்பிராயம் ஏற்படுத்துவது ஒரு செயல், கோரிக்கை வைப்பது தனிச் செயல்.

எண்ணைச் சரிசெய்தாலும் ஒரு ஓட்டை மிஞ்சுகிறது. இலக்கு 15, பேசுபவரின் கூட்டல் எண் 5 என்றால் வெற்றி வாய்ப்பு 55 சதவீதம். அவர் தோற்றதும் "நானும் முயல்கிறேன்" என்று மற்ற மூவரும் வரிசையில் வருவார்கள். அவர்களுடைய எண்கள் 1, 0, கழித்தல் 1 என்றே இருக்கட்டும். நால்வரில் ஒருவராவது வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 85 சதவீதம். வாய்ப்பை விட்டுத் தள்ளுங்கள், காட்சியைப் பாருங்கள்: ஒரே பெண்மணியிடம் நான்கு பேர் ஒருவர்பின் ஒருவராகப் போய் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், அவரும் சலிக்காமல் பதில் சொல்கிறார். நாடகம் அங்கேயே செத்துவிடும். ஆகவே இந்த வழியை எடுப்பவர் ஒரு விதியைச் சேர்த்தாக வேண்டும்: ஒரு கோரிக்கைக்கு ஒரே உருட்டல். மீண்டும் முயல நிலைமையில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். கால் ஆஃப் கதுலு என்ற ஆட்டத்தின் ஏழாம் பதிப்பு இதை அருமையாகக் கையாள்கிறது. தோற்றவர் மறுபடி உருட்டலாம். ஆனால் புதிதாக என்ன செய்கிறார் என்று சொல்ல வேண்டும், இம்முறையும் தோற்றால் விளைவு முன்னதைவிட மோசமாக இருக்கும் என்பதை ஏற்க வேண்டும்.

மூன்றாவது வழிதான் அதிகம் புழங்குவது: முதலில் நடித்துப் பேசு, நன்றாகப் பேசினால் பகடைக்குச் சலுகை. கேட்க நியாயமாக இருக்கிறது, இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்துவதுபோலத் தோன்றுகிறது. இதைத்தான் நான் மிகக் கடுமையாக எதிர்க்கிறேன். கணக்கைப் பாருங்கள். 2014இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் சலுகை என்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது. இடையூறு என்றால் சிறியதை எடுப்பது. 55 சதவீத வாய்ப்பு சலுகையால் 80 ஆகிறது, இடையூறால் 30 ஆகிறது. ஒரே கதாபாத்திரம், ஒரே திறன் எண், ஒரே கோரிக்கை. ஆனால் மேடைப் பேச்சு பழகியவருக்கு 80, திக்கித் திணறியவருக்கு 30. கதாபாத்திரத் தாளில் பல நிலைகள் ஏறினாலும் கிடைக்காத வித்தியாசத்தை ஆட்டக்காரரின் குரல்வளம் ஒரே நொடியில் உண்டாக்கிவிடுகிறது. திணறுபவருக்கு இது ஒவ்வொரு முறையும் கிடைக்கும் தண்டனை. சில மாதங்களில் அவர் பேசும் காட்சிகளில் கைப்பேசியை எடுத்துக்கொள்வார். அதைப் பல மேசைகளில் பார்த்துவிட்டேன்.

சலுகை என்ற எண்ணத்தையே கைவிட வேண்டியதில்லை. எதற்குச் சலுகை என்பதை மாற்றினால் போதும். கிடங்கு வாசலில் ஒருவர் எழுந்து நின்று, பசியின் கொடுமையைப் பற்றி ஐந்து நிமிடம் உருக்கமாகப் பேசுகிறார். அடுத்தவர் தலையை நிமிர்த்தாமல், "இவங்க தம்பி வெளியே இருக்கார்னு காவலன் சொன்னானே, அதை ஞாபகப்படுத்துறேன்" என்கிறார். சலுகை இரண்டாமவருக்கே போக வேண்டும். முதலாமவர் மேசைக்குப் பேசினார், இரண்டாமவர் அந்தப் பெண்மணிக்குப் பேசினார். சொல்லப்பட்ட பொருள் எதிரில் இருப்பவரைத் தொடுகிறதா என்பதே அளவுகோல்.

நான்காவது, முதலில் உருட்டிவிட்டுப் பிறகு அதற்கேற்ப நடிப்பது. பகடையில் 4 விழுந்ததா? உங்கள் பாணன் எந்த இடத்தில் சொதப்பினான் என்று நீங்களே நடித்துக் காட்டுங்கள். ஒரே மாலையில் முடியும் ஆட்டங்களுக்கு இது நல்ல வழி, சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது. முடிவு தெரிந்த பிறகு பேசுவதால் கூச்சக்காரருக்கும் பதற்றம் குறைகிறது. மாதக்கணக்கில் நீளும் கதையில் இது சீக்கிரமே சலித்துவிடும், ஏனெனில் பேச்சால் எதையும் மாற்ற முடியாது.

அடுத்த வழிக்கு வருகிறேன். என் பரிந்துரை இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். உருட்டுவதற்கு முன் ஆட்டக்காரர் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: உனக்கு என்ன வேண்டும், அவர் ஏன் அதைத் தர வேண்டும். வசனமாகவும் சொல்லலாம், "இப்படிச் சொல்கிறேன்" என்று விவரிக்கவும் செய்யலாம், இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. பகடை தீர்மானிப்பது பேச்சு நன்றாக இருந்ததா என்பதை அல்ல, அந்தச் சம்மதத்துக்கு என்ன விலை என்பதை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிகளே இந்தப் பக்கம் நகர்ந்து வந்திருக்கின்றன. 2014ஆம் ஆண்டின் கேம் மாஸ்டர் கையேட்டில் நட்பு, பட்டும்படாமை, பகைமை என மூன்று மனநிலைகள் உண்டு. பட்டும்படாமல் இருப்பவர், 20ஐ எட்டினால் சிறிய ஆபத்தையோ இழப்பையோ ஏற்பார். பகைமையோடு இருப்பவர் அதே 20க்குத் தமக்கு ஆபத்தோ இழப்போ இல்லாத காரியத்தை மட்டுமே செய்வார். எத்தனை பெரிய எண் விழுந்தாலும் பகடை யாரையும் வசியம் செய்துவிடுவதில்லை. இந்த வரம்பைப் பலர் படிக்காமலே கடந்துபோய்விடுகிறார்கள். 2024 பதிப்பு இன்னும் தெளிவாகச் சொல்கிறது: எதிரில் இருப்பவர் விருப்பமாக இருந்தால் உருட்ட வேண்டாம், அறவே மறுப்பவரானால் அப்போதும் உருட்ட வேண்டாம், தயங்குபவருக்கு மட்டுமே பகடை. இலக்கு 15, அல்லது அவருடைய அறிவு எண், இரண்டில் எது பெரிதோ அது. தோற்றால் அதே முறையில் மறுபடி கேட்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும், கேம் மாஸ்டர் வேறு அவகாசமும் வைக்கலாம். நால்வர் வரிசையில் நிற்கும் அவலத்தை இது கணிசமாகக் குறைக்கிறது.

விலை என்ற எண்ணம் 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டத்திலிருந்து கிடைக்கிறது. அங்கே இரண்டு 6 முகப் பகடைகள், 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை அரை வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே தோல்வி, கேம் மாஸ்டரின் முறை. ஒருவரை மசிய வைக்க முயன்று 7ஐ எட்டினால், அவர் முதலில் உன்னிடம் ஒரு வாக்குறுதி கேட்பார், கொடுத்தால் செய்வார். 10ஐ எட்டியவர் அந்த வாக்கைக் காப்பாற்றுவதா இல்லையா என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். 7 முதல் 9 வரை என்றால் அந்த இடத்திலேயே கையில் பிடிக்கக்கூடிய உத்தரவாதம் வேண்டும். கூட்டல் எண் 2 உள்ளவருக்கு முழு வெற்றி, அரை வெற்றி இரண்டுக்கும் தலா 36இல் 15 வாய்ப்பு. முழுத் தோல்விக்கு 36இல் 6 மட்டுமே. அதாவது பெரும்பாலான பேச்சுகள் 'சரி, ஆனால்' என்று முடியும்.

கிடங்குக் காட்சியில் இதை ஓட்டினால் இப்படிப் போகும். "என்ன வேண்டும்?" "மூன்று மூட்டை, இன்றிரவே." "அவர் ஏன் தர வேண்டும்?" ஆட்டக்காரர் சற்று யோசித்து, "தம்பியின் குழந்தைகளுக்கும் இதிலிருந்து ஒரு பங்கு போகும் என்கிறேன்" என்கிறார். அவரை அசைக்கும் பிடி கிடைத்துவிட்டது, பொறுப்பாளர் தயங்குகிறார், இப்போது உருட்டலாம். 10ஐ எட்டினால் அவர் சாவியை எடுத்துக்கொண்டே கேட்பார்: "அடுத்த அமாவாசைக்குள் அவர்களை உள்ளே கொண்டுவருவீர்களா?" 8 விழுந்தால், "தளபதி கேட்டால் யார் எடுத்தது என்று காட்ட எனக்கு ஒன்று வேண்டும், உங்கள் குல வாளை இங்கே வைத்துவிட்டுப் போங்கள்." வாளின்றி இரவில் மதிலுக்கு வெளியே போவதா என்று குழுவே தங்களுக்குள் வாதாடத் தொடங்கும். 5 விழுந்தால் அவர் கதவைச் சாத்துவார். தம்பி விஷயம் வெளியாகிவிட்டதே என்ற பயத்தில் தளபதியிடம் தானே போய்ச் சொல்லியும்விடுவார். மூன்று முடிவிலும் கதை நகர்கிறது. 'இல்லை' என்ற வெற்றுச் சுவரில் யாரும் முட்டிக்கொள்வதில்லை. பேசத் தெரிந்தவர் அந்த வரியை அழகாகச் சொல்லி மேசையை மகிழ்விக்கலாம், தெரியாதவர் ஒரு வரியில் சொல்லிவிட்டு அதே வாய்ப்போடு உருட்டலாம். திறன் எண்ணுக்கும் மரியாதை இருக்கிறது, யோசித்ததற்கும் மரியாதை இருக்கிறது.

இந்த வழிக்கும் உழைப்பு வேண்டும். பிடி என்று ஒன்று இருக்க வேண்டுமானால், பேச வரும் ஒவ்வொருவருக்கும் கேம் மாஸ்டர் ஒரு மனதைத் தயாரித்து வைத்திருக்க வேண்டும். நான் மூன்று வரி எழுதிக்கொள்கிறேன்: எதை விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார், எதை எந்த நிலையிலும் செய்யமாட்டார். சந்தையில் காய்கறி விற்பவருக்கெல்லாம் இது வேண்டாம். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு எழுதினால் போதும்.

ஒரே உருட்டலில் முடிக்கக்கூடாத பேச்சுகளும் உண்டு: அரசவை வழக்கு, இரு நாட்டு உடன்படிக்கை, ஊர்ச் சபையைத் திருப்புவது. அவற்றுக்கு ஆறாவது வழியாகப் பல கட்ட முறைகள் இருக்கின்றன. 2008இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பின் ஸ்கில் சேலஞ்ச் (திறன் சவால்), திருத்தங்களுக்குப் பிறகு, 3 தோல்வி சேர்வதற்குள் 4 முதல் 12 வரை வெற்றிகளைச் சேர்க்கச் சொல்கிறது. எல்லோரும் பங்கெடுக்க முடிவது இதன் நன்மை. ஆனால் கேம் மாஸ்டர் கவனமாக இல்லாவிட்டால், எந்தத் திறனில் தன் எண் பெரிது என்று ஒவ்வொருவரும் தாளைத் தடவும் வேலையாக மாறிவிடும். லூக் கிரேன் உருவாக்கிய பர்னிங் வீல் ஆட்டத்தில் உள்ள டூயல் ஆஃப் விட்ஸ் என்ற சொற்போர் முறை இன்னும் கூர்மையானது. இரு தரப்பும் அடுத்த மூன்று அசைவுகளை ரகசியமாக எழுதி வைத்து ஒவ்வொன்றாகத் திறக்கின்றன: வாதத்தை முன்வைப்பது, மறுப்பது, திசைதிருப்புவது என்று. வென்றவரும் தன் வாதத்தில் எவ்வளவு இழந்தாரோ அந்த அளவுக்கு எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கிடங்கு வாசலுக்கு இது அளவுக்கு மிஞ்சியது. தானியத்தை யாருக்குப் பங்கிடுவது என்று தளபதியின் அவையில் வழக்கு நடந்தால், அதைவிடப் பொருத்தமான விதியை நான் அறியேன். விதிகளைப் படிக்கச் சலிக்காத குழு வேண்டும், அவ்வளவுதான்.

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு இடங்களில் விதியை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஒன்று, பொய்யைக் கண்டுபிடிப்பது. வெற்றிகரமாக உருட்டியவரிடம் "பொய் சொல்கிறார்" என்று கேம் மாஸ்டர் தீர்ப்பு வாசித்துவிட்டால் ஆட்டக்காரருக்கு வேலையே இல்லை. "தளபதி ஊரில் இல்லை என்று சொல்லும்போது சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்" என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும், மீதியை அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள்.

மற்றது, ஒரு ஆட்டக்காரரின் கதாபாத்திரம் இன்னொரு ஆட்டக்காரரின் கதாபாத்திரத்தைச் சம்மதிக்க வைக்கப் பகடை உருட்டுவது. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட குழுவைத் தவிர வேறெங்கும் இதை அனுமதிக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆட்டக்காரர் கையில் முழுதாக இருப்பது தன் கதாபாத்திரத்தின் மனது ஒன்றுதான். அதையும் இன்னொருவரின் பகடை பறித்துக்கொண்டால் அவருக்கு மேசையில் மிஞ்சுவது நாற்காலி மட்டுமே. அபோகலிப்ஸ் வேர்ல்டில் நாகரிகமான மாற்று இருக்கிறது: சொன்னபடி செய்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும், மறுக்கும் உரிமையும் உண்டு.

புதியவர்கள் நிறைந்த குழுவுக்கும், கூச்சக்காரர் ஒருவராவது இருக்கும் குழுவுக்கும் பிடியும் விலையும் கொண்ட வழியே சரி. நீண்டநாள் நண்பர்கள், எல்லோரும் வாயாடிகள், கவர்ச்சி எண்ணைப் பற்றிக் கவலையே இல்லை என்றால் பகடையில்லா வழியில் தாராளமாக இறங்கலாம். கடையில், கண்காட்சியில், முன்பின் அறியாதவர்களோடு இரண்டு மணி நேரம் ஆடுவதென்றால் உருட்டிவிட்டு நடியுங்கள். அரசியல் சூழ்ச்சியே கதையாக இருந்தால் பெரிய வழக்குகளுக்கு மட்டும் பல கட்ட முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுப்பு உறுதியானது என்று தெரிந்தால் பகடையை எடுக்கவே விடாதீர்கள். தளபதி முத்திரையைத் தரவே மாட்டார் என்று நீங்கள் முடிவு செய்திருக்கும்போது ஒருவர் 20 உருட்டிவிட்டால், அந்த 20ஐ எங்கே வைப்பது என்று உங்களுக்கே தெரியாது. "எப்படிப் பேசினாலும் அவர் இதற்கு இணங்கமாட்டார், அது உங்கள் கதாபாத்திரத்துக்கே தெரிகிறது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அடுத்த நிமிடமே குழு கிடங்குப் பொறுப்பாளரிடம் போகும், அல்லது முத்திரையைத் திருடத் திட்டம் போடும்.